டாக்டர்கள் முக்குளிக்கப் போகிறார்கள்

மார்ச் 3, திங்கள்

இன்றைக்கு என் வேலை டாக்டர்களின் இடுப்பளவு சேகரிப்பது. இடுப்பு, மார்பு, உயரம், பாத அளவு. மால்டாவில் இருக்கிற டைவிங் பள்ளிக்காரி மெயில் அனுப்பியிருக்கிறாள். மே மாதம் மத்தியதரைக் கடல் இன்னும் குளிராகத்தான் இருக்குமாம். தடித்த ரப்பர் உடுப்பு வேண்டும், அது தோலோடு ஒட்டி நிற்க வேண்டும், அளவில் பொய் சொல்லாதீர்கள் என்று எழுதியிருக்கிறாள். கடைசி வரியை அனுபவத்தில் எழுதியிருப்பாள்.

வாட்ஸப் குழுவில் கேட்டேன். டாக்டர் பிரமநாயகம், “நீயே வந்து அளந்துக்கோயேன் ஈஷா” என்று போட்டார். கீழே ஆறேழு பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். எல்லாம் பேரன் பேத்தி எடுத்தவர்கள். போனைத் துடைத்து வைத்தேன். நிஜமாகவே துடைத்தேன், சானிடைசர் போட்டு.

என் பெயர் ஈஷா இல்லை, இசக்கியம்மாள். மருந்துக் கம்பெனியில் சேர்ந்த அன்று வைகுண்டம் சார், “டாக்டர்ஸ் முன்னாடி இசக்கின்னு கூப்பிட்டா நல்லாவா இருக்கு?” என்று மாற்றிவிட்டார். அவர் தென்மாவட்டங்களுக்கு மேனேஜர். நான் பி.காம்., மீட்டிங், விருந்து, பயண ஏற்பாடுகள் பார்ப்பவள். எங்கள் மூட்டுவலி மாத்திரையைத் திருநெல்வேலியில் ஊதா மாத்திரை என்றுதான் சொல்வார்கள். அதை அதிகமாக எழுதிய டாக்டர்களுக்கு மால்டா தீவில் ஒரு வாரம் ஸ்கூபா முக்குளிப்பு. சட்டப்படி கூடாது. அதனால் அழைப்பிதழில் ‘மூட்டு நலம்: பன்னாட்டுக் கருத்தரங்கு’ என்று அடித்திருக்கிறோம். கருத்தரங்கு அரை மணி நேரம், காலை டிபனோடு.

மார்ச் 5, புதன்

பயணத் திட்டத்தைக் குழுவில் போட்டதும் சண்டை. கடைசி நாள் யாரும் கடலில் முங்கக் கூடாது, முங்கிய சூட்டோடு விமானம் ஏறினால் ரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டும் என்று பள்ளிக்காரி சொன்னதை எழுதியிருந்தேன். “டாக்டர்ஸுக்கே மெடிசின் சொல்லிக் குடுக்கியா?” என்று ஒருத்தர். இன்னொருத்தருக்கு மூழ்கிக் கிடக்கும் கப்பலுக்குள் உட்கார்ந்து போட்டோ வேண்டும், ஆனால் தண்ணீர் மூக்கில் ஏறக் கூடாது. ஒருத்தருக்குத் தினமும் தயிர்சாதம். ஒருத்தருடன் மனைவி வரவில்லை, ‘ஆராய்ச்சி உதவியாளர்’ வருகிறாள். ஒரே அறை போதுமாம். ‘சரி சார்’ என்று எல்லாருக்கும் பதில் போட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை ‘சரி சார்’. வாயே நாறுகிறது.

வீட்டுக்கு வந்தால் இங்கேயும் அதே. மாமா, என் மாமனார், பாத்ரூம் போய்விட்டு வந்தால் கக்கூஸில் சோப்பு நுரை மாதிரி மிதக்கிறது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போகாது. வயசானவர்களிடம் எப்படிச் சொல்வது? என் வீட்டுக்காரர் கண்ணபிரானிடம் சொன்னேன். “நீ ஊத்திவிட்டா குறைஞ்சா போவ?” என்றார். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆசிட் போட்டுத் தேய்த்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

மாமாவுக்கு முட்டிவலி சுத்தமாக இல்லையாம். போக்குவரத்துக் கழகத்தில் மெக்கானிக்காக இருந்தவர். பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடந்தே முதுகும் முட்டியும் தேய்ந்தன. போன தீபாவளிக்கு அப்புறம் நான் சாம்பிள் டப்பாக்களைக் கொண்டுவந்து கொடுத்தேன். டப்பாவில் இஞ்சி, மஞ்சள் படம் போட்டிருக்கும், பக்க விளைவு இல்லை என்றும் போட்டிருக்கும். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. இன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரரிடம், “எம் மருமவ கம்பெனி மாத்திரைவே. கால்ல எண்ணெய் போட்ட மாதிரி இருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானம் சொதி வைத்தேன். தேங்காய் மூன்று தடவை பால் பிழிந்து, இஞ்சித் துவையல் அரைத்து, உருளைக்கிழங்கு சிப்ஸ் பொரித்து. ஒரு வாய் வைத்துவிட்டு, “வாயில இரும்புத் துரு ருசி அடிக்கி தாயி” என்று தட்டை நகர்த்திவிட்டார். என் சமையலா துரு? பாத்திரம் கழுவும்போது எல்லாவற்றையும் சத்தமாகவே வைத்தேன்.

புதுச் செருப்பு கேட்கிறார். பழசு காலில் ஏறவில்லையாம். நடக்காமல் உட்கார்ந்தே இருந்தால் கால் ஊதத்தானே செய்யும்.

மார்ச் 14, வெள்ளி

டாக்டர் பிரமநாயகத்தின் இடுப்பளவு வந்தது. பள்ளிக்காரி, ‘இது இன்ச்சா, சென்டிமீட்டரா?’ என்று கேட்டிருக்கிறாள். 

மார்ச் 22, சனி

கன்னியாகுமரி ரோட்டில் உள்ள ரிசார்ட் நீச்சல் குளத்தில் பயிற்சி. கோவளத்திலிருந்து ஜெரோம் என்று ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். ரப்பர் உடுப்புக்குள் டாக்டர்களை நுழைப்பதற்கே காலைப் பொழுது போய்விட்டது. டால்கம் பவுடரைக் கொட்டி, இரண்டு பையன்கள் முன்னால் இழுக்க, ஒருத்தன் பின்னால் ஜிப்பைப் பிடித்து முழங்காலால் மிதித்தான். வயிறு பிதுங்கிக் கழுத்து வழியாக வரும் போலிருந்தது. ஒருத்தர் குளத்துக்குள்ளேயே காறித் துப்பினார். ஒருத்தர் தண்ணீரில் நின்றபடியே ஒரு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். ஜெரோம் என்னைப் பார்த்து, “அந்தப் பக்கம் போவாதீங்க மேடம்” என்றார்.

யாரும் தலையை உள்ளே விடத் துணியவில்லை. “மேடம், நீங்க ஒரு தடவ முங்கிக் காட்டுங்க, அப்பத்தான் இவங்களுக்கு ரோஷம் வரும்” என்றார் ஜெரோம். நான் குறுக்குத்துறையில் ஆற்றில் நீச்சல் பழகினவள். சுடிதாரோடு சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

அதை எப்படி எழுதுவது? தலை உள்ளே போனதும் அத்தனை சத்தமும் நின்றுவிட்டது. என் மூச்சு மட்டும் கேட்டது. கொஞ்சம் மூச்சு இழுத்தால் உடம்பு மேலே போகிறது, விட்டால் கீழே இறங்குகிறது. என்னை யாரும் கூப்பிடவில்லை. வெறும் டைல்ஸ் தரையும் நீலத் தண்ணீரும்தான், அதற்கே எனக்கு அழுகை வந்தது. கடல் எப்படி இருக்கும்!

மேலே வந்தபோது டாக்டர் சற்குணம் படியில் உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டிருந்தார். எலும்பு டாக்டர். எங்கள் மாத்திரையை மாவட்டத்திலேயே அதிகம் எழுதுகிறவர். கருத்தரங்கில் பேசப் போகிறவரும் அவர்தான்.

“சார், பையில நம்ம ஊதா மாத்திரை இருக்கு. ஒண்ணு தரட்டா?”

“ஐயய்யோ, அது எனக்கெதுக்கும்மா?” என்று சிரித்தார். “ரெண்டு மாசம் சேர்ந்தாப்புல தின்னா கிட்னி காலி.”

நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை.

“அப்போ பேஷன்ட்டுக்கு, சார்?”

“மாசாமாசம் ரத்தம் பார்த்துக்கிட்டே குடுத்தா ஒண்ணும் பண்ணாது.”

“பாக்குறீங்களா, சார்?”

“வாசல்ல நிக்கிற கூட்டத்தப் பாத்திருக்கியா நீ? அதுக்கெல்லாம் யாருக்கு நேரம்?” காலை நீட்டினார். “அந்தத் துடுப்பை மாட்டிவிடும்மா, குனிய முடியல.”

முழங்கால் போட்டு உட்கார்ந்து அவர் பாதத்தில் ரப்பர் துடுப்பை மாட்டிவிட்டேன். நகத்தில் அழுக்கு இருந்தது.

மார்ச் 23, ஞாயிறு

மாமாவிடம் மாத்திரையை நிறுத்தச் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்கிறேன்.

மார்ச் 27, வியாழன்

விசாவுக்காக டாக்டர்களைக் கூட்டிக்கொண்டு சென்னை போய் வந்தேன். எனக்கும் சேர்த்து. ஆமாம், குழுவோடு யாராவது போக வேண்டும், என்னையே போகச் சொல்லிவிட்டார் வைகுண்டம் சார். “நல்லபடியா கூட்டிட்டு வந்துட்டா உனக்கு மதுரை ஆபீஸ்ல புரமோஷன்” என்றார். நான் வெளிநாட்டு விமானம் ஏறினதில்லை. மால்டாவுக்குப் பக்கத்தில் கோசோ என்று ஒரு குட்டித் தீவு, அங்கே பாறைக்கு நடுவில் கிணறு மாதிரி இறங்கிக் கடலுக்குள் போகலாமாம். ரயிலில் அந்த வீடியோவையே திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார். கண்ணபிரானும் கேட்பார். டாக்டர் சற்குணம் விளையாட்டுக்குக்கூடச் சொல்லியிருக்கலாம். எல்லா மாத்திரைக்கும் ஏதாவது ஒன்று சொல்லத்தான் செய்வார்கள். மாமாவுக்கு வலி இல்லாமல் இருக்கிறதே, அதுவும் ஒரு விஷயம்தானே.

ஏப்ரல் 2, புதன்

விடியற்காலையில் மாமா கூடத்திலேயே வாந்தி எடுத்துவிட்டார். மஞ்சளாக, மூத்திர வாடையோடு. பினாயில் ஊற்றித் துடைக்கும்போது எனக்கும் குமட்டியது. முகமெல்லாம் வீங்கி, கண் இடுங்கியிருந்தது. “வெயிலுக்குப் பித்தம்” என்றார் மாமா. நானும் அதையே சொன்னேன். மோர் கலக்கிக் கொடுத்தேன்.

ஆபீஸில் தயிர்சாத டாக்டருக்காக மால்டாவில் இந்திய ஹோட்டல் தேடினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கட்டிலுக்கு அடியில் இருந்த டப்பாக்களை எடுத்துப் பரணில் போட்டுவிட்டு, “கம்பெனியில ஸ்டாக் இல்ல மாமா, கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டுங்க” என்று சொன்னேன். மனசு லேசாக இருந்தது.

சாயங்காலம் மாமா கையில் ஒரு பொட்டலம். “உனக்கு எதுக்குத் தாயி சிரமம், மெடிக்கல்லயே கெடைக்கி. எவ்வளவு விலை வச்சிருக்கான் பாரு!” ஊதா அட்டை.

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அடுப்பில் பால் இருந்தது. பொங்கிவிடும்.

ஏப்ரல் 11, வெள்ளி

மாமாவை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். காலையில் மூச்சு வாங்கி, பேச்சு குழறிவிட்டது. டூட்டியில் இருந்த டாக்டரம்மா சின்னப் பெண். காலை அழுத்திப் பார்த்தாள். அழுத்தின குழி அப்படியே நின்றது.

“தாத்தா, என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?”

மாமா சட்டைப் பையைத் தடவி அட்டையை எடுத்தார். அந்த நிலைமையிலும் அவர் முகத்தில் ஒரு பெருமை. “எம் மருமவ கம்பெனி.”

“எவ்வளவு நாளா?”

“தீவாளிலருந்து.”

“நடுவுல யாரும் ரத்தம் டெஸ்ட் எடுக்கச் சொல்லலையா?”

டாக்டரம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. குளிக்காத ஆளைப் பார்ப்பது போல் பார்த்தாள். நான் நர்ஸிடம் பெட்ஷீட் எங்கே கிடைக்கும் என்று கேட்கப் போய்விட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒண்ணு. டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டார்கள். கழுத்தில் குழாய். இனிமேல் வாரத்துக்கு மூன்று தடவை, கொஞ்சம் தேறினாலும் தேறலாம், தேறாமலும் போகலாம் என்கிறார்கள்.

வராந்தாவில் கண்ணபிரான் கேட்டார். “அந்த மாத்திரையாலதான்னு சொல்லுதாங்களே, உங்க கம்பெனிக்குத் தெரியாதா?”

“டாக்டர் சற்குணமே எல்லாருக்கும் எழுதுற மாத்திரைதான்” என்றேன்.

பொய் இல்லை. ஆனால் அதைச் சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

ஏப்ரல் 21, திங்கள்

விசா வந்துவிட்டது. எல்லாருக்கும். என் பாஸ்போர்ட்டில் அந்தப் பச்சை ஸ்டிக்கரில் என் முகம் நன்றாகத்தான் விழுந்திருக்கிறது.

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்றைக்கு மத்தியானம் வழியனுப்பு விருந்து. வண்ணார்பேட்டையில் ஒரு ஹோட்டல் ஹால். சுவரில் நீலக் கடல் படம், நடுவில் டாக்டர்களின் முகங்களை வெட்டி மீன்களோடு ஒட்டிய பேனர். அதை டிசைன் செய்ததும் நான்தான். டயாலிசிஸ் வார்டிலிருந்து நேராக வந்திருந்தேன். சேலையில் மருந்து வாடை.

டாக்டர் சற்குணம் மைக்கைப் பிடித்து, தான் கடலுக்கு அடியில் ‘ஊதா’ என்று எழுதின அட்டையைப் பிடித்துப் போட்டோ எடுக்கப் போவதாகச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். முதலில் பாத்ரூமுக்குத்தான் எழுந்தேன். எழுந்தவள் பரிசுப் பை வைத்திருந்த மேஜைப் பக்கம் போய், ஒரு டப்பாவைப் பிரித்தேன். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி வந்து, ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் ஒரு மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தேன்.

“என்னம்மா இது?” என்றார் பிரமநாயகம்.

“முட்டி வலி, இடுப்பு வலின்னு குரூப்ல போட்டுக்கிட்டே இருந்தீங்களே, சார். ஃப்ளைட்ல ரொம்ப நேரம் உக்காரணும். ஆளுக்கு ஒண்ணு போட்டுக்கோங்க.”

யாரும் தொடவில்லை. பிரமநாயகம் கையில் இருந்த முருங்கைக்காயால் மாத்திரையைத் தட்டு ஓரத்துக்குத் தள்ளினார். அசிங்கம் எதையோ தள்ளுவது போல.

“எங்க மாமா தினம் ரெண்டு போட்டாங்க, சார்” என்றேன் சற்குணத்திடம். “கழுத்துல குழாய் மாட்டியிருக்கு.”

அப்புறம் ஒருத்தர், “கிரியாட்டினின் எவ்வளவு?” என்று கேட்டார். கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது போலத்தான் கேட்டார். சற்குணம் தண்ணீரை மட்டும் எடுத்துக் குடித்தார். “மானிட்டர் பண்ணாமக் குடுத்தா அப்படித்தாம்மா ஆகும். யார் குடுத்தா?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது.

வைகுண்டம் சார் என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். “வீட்டு டென்ஷனை இங்க கொண்டு வராத. மால்டாவுக்கு வேற ஆள் போகட்டும்.” உள்ளே பாதாம் அல்வா வந்துவிட்டது போல. ஸ்பூன் சத்தம் கேட்டது.

ஏப்ரல் 30, புதன்

வேலையை விட்டு நிற்கச் சொல்லி மெயில் வந்தது. படித்துவிட்டு அரிசி ஊறப் போட்டேன்.

கண்ணபிரானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குளத்தில் சற்குணம் சொன்னது, நான் சிரித்தது, பரணில் போட்டது, மாமா கடையில் வாங்கி வந்ததைப் பார்த்தும் பேசாமல் இருந்தது.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“மார்ச்சுல.”

“மார்ச்சுலயா.” சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மாமாவிடம் அவர்தான் சொன்னார். நான் சொல்லியிருக்க வேண்டியது.

மே 6, செவ்வாய்

குழுவிலிருந்து என்னை நீக்க மறந்துவிட்டார்கள். மால்டாவிலிருந்து படங்கள். கறுப்பு உடுப்பில் கரை ஒதுங்கின பீப்பாய்கள் மாதிரி பாறையில் வரிசையாக நிற்கிறார்கள். பின்னால் கடல் அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு நீலமாக இருக்கிறது. கொஞ்ச நேரம் கடலை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்புறம் என் மேலேயே எரிச்சல் வந்து குழுவை விட்டு வெளியேறினேன்.

மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். டயாலிசிஸ் நாளைக்கு மட்டும் ஆஸ்பத்திரி. நான் டம்ளரில் தண்ணீர் கொண்டு போனேன், அளவோடுதான் கொடுக்க வேண்டும். அவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. வாங்கவில்லை. தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணபிரான் வந்து அதே டம்ளரைக் கழுவி, வேறு தண்ணீர் பிடித்துக் கொடுத்ததும் குடித்தார்.

அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். நான் எத்தனை பேரைப் பார்த்து மூக்கைச் சுளித்திருக்கிறேன். என்னை வீட்டு மனுஷரே அப்படிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று இதுவரை தெரியாது.

மே 10, சனி

இன்று காலை மாமா என்னைக் கூப்பிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, “இங்க வா” என்றார்.

“வேற யாருக்கும் குடுத்தியா அத?”

“இல்ல மாமா. உங்களுக்கு மட்டுந்தான்.”

“நான் குடுத்திருக்கேன்.” கழுத்துக் குழாயில் கை படாமல் மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்தார். “டெப்போல எங்கூட வேல பாத்தவனுவ. எல்லாவனுக்கும் முட்டி போச்சி. நீ கொண்டாந்ததுல ஆளுக்கு ரெண்டு அட்டை, மூணு அட்டைன்னு குடுத்தேன். மருமவ கம்பெனின்னு பீத்திக்கிட்டே குடுத்தேன். அவனுவ இன்னும் வாங்கித் தின்னுக்கிட்டு இருப்பானுவ.”

“போன் பண்ணிச் சொல்லிருவோம் மாமா.”

“போன்ல சொன்னா வலி நிக்கிற மாத்திரைய எவன் நிப்பாட்டுவான்? எங் கழுத்துக் குழாய நேர்ல பாத்தாத்தான் நம்புவானுவ. ஆட்டோவக் கூப்பிடு.”

கண்ணபிரான் வேலைக்குப் போயிருந்தார். வெயிலில் போகக் கூடாது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஆட்டோவில் ஏறும்போது வேறு வழியில்லாமல் என் தோளைப் பிடித்தார். ஏறினதும் கையை எடுத்துக்கொண்டார்.

முதல் வீடு மகாராஜநகரில். கண்டக்டராக இருந்த சுடலைமுத்து வீடு. மாடி. ஆட்டோ நின்றதும் மாமா படிக்கட்டை அண்ணாந்து பார்த்தார். ஏற முடியாது என்று அவருக்கே தெரிந்தது. மூச்சு இரைத்தது.

“நீ போய்ச் சொல்லு.”

“என்னன்னு சொல்ல, மாமா?”

“எனக்கு என்ன ஆச்சின்னு சொல்லு. யாரு குடுத்தா, எப்பத் தெரியும், எல்லாத்தையும் சொல்லு. நம்பலன்னா கீழ வந்து என்னப் பாக்கச் சொல்லு.”

படி ஏறினேன். கதவைத் தட்டினேன். சுடலைமுத்துவின் மனைவி திறந்தார். சேலை முந்தானையில் கையைத் துடைத்தபடி என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

“வாம்மா, வா! மாத்திரை கொண்டாந்தியா? நேத்தோட தீந்துபோச்சி. இவுஹளும் திங்காஹ, நானும் சேத்துத் திங்கேன்.”

வாசற்படியில் நின்றபடியே சொல்ல ஆரம்பித்தேன்.